தூரிகை கழுவிய கலம்

மேலை ஓவியத்தைப் பற்றித் தமிழில் வெளியாகும் கட்டுரைகளைத் தேடித் தேடி வாசிப்பவர்கள் நாம். ஒளி, நிழல், தூரக்காட்சி, ஓவியரின் வறுமை, அவர் மறைந்தபின் அவருடைய படம் ஏலத்தில் விலைபோன தொகை என எல்லாவற்றையும் அக்கட்டுரைகள் நமக்குச் சொல்லிவிடுகின்றன. தூரிகையும் அவற்றில் தவறாமல் இடம்பெறும். ஆனால் ஓவியரின் விரல்களுக்கிடையே இருக்கும்வரைதான் அதற்கு அந்த மரியாதை. மாலையில் வெளிச்சம் போனபின் அத்தூரிகை எங்கே வைக்கப்பட்டது, எதில் கழுவப்பட்டது, யார் கழுவினார்கள் என்று நாம் கேட்பதே இல்லை.

ஆயுத பூஜையன்று கருவிகளைத் துடைத்துச் சந்தனமிட்டு வணங்குகிற மரபில் வந்த நமக்கு இக்கேள்வி அந்நியமாக இருக்கக்கூடாது. இங்கே நாம் எடுத்துக்கொள்வது ஒரேயொரு தூரிகையை மட்டும்தான். ஓவியம் முழுவதும் முடிந்து காய்ந்தபின் அதன்மேல் வார்னிஷ் பூசுவதற்கென்று தனியே வைக்கப்பட்டிருக்கும் தூரிகை அது. அதைக் கழுவிய வரலாற்றை நூல்பிடித்தாற்போலத் தொடர்ந்து சென்றால், ஐரோப்பாவின் பெரும் ஓவியங்கள் சில ஏன் கறுத்தன, சில எவ்வாறு பிழைத்தன என்ற இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

வார்னிஷ் என்பது மரப்பிசினின் கரைசல். பிசினை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிக் கரைக்கலாம். டர்பன்டைன் போன்று ஆவியாகிப் போகும் தைலத்திலும் கரைக்கலாம். காய்ந்த எண்ணெய் வண்ணம் மங்கிச் சோர்ந்திருக்கும். அதன்மேல் வார்னிஷ் படிந்ததும், ஆற்றங்கரைக் கூழாங்கல் நீரில் நனைந்தாற்போல நிறங்கள் ஆழம் பெற்று எழும். தூசும் புகையும் வண்ணத்தைத் தொடாமல் அந்த மெல்லிய தோல் தாங்கிக்கொள்ளும். அதுவே ஓவியத்தின் கடைசிப் படலம் என்பதால், அதில் நேரும் பிழையை மறைக்க மேலே வேறு படலம் இல்லை. ஒரு மயிர் உதிர்ந்து ஒட்டினாலும், முன்பு பூசிய வார்னிஷின் துணுக்கு ஒன்று தூரிகையின் அடியிலிருந்து பிரிந்து வந்து படிந்தாலும், அது பார்ப்பவரின் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கும்.

இதை முதலில் விரிவாக எழுதிவைத்தவர்களுள் ஒருவர் சென்னினோ சென்னினி. டஸ்கனி நாட்டுக்காரர். ஜோத்தோவின் மாணவர் வழியில் வந்த அஞோலோ கத்தியிடம் 12 ஆண்டுகள் தொழில் கற்றவர். 1400ஆம் ஆண்டையொட்டி அவர் எழுதிய கைந்நூல் ஓவியப் பட்டறையின் அன்றாடத்தை நமக்குக் காட்டுகிறது. அணில் வாலின் மயிரைத் தேர்ந்து கட்டி, பருமனுக்கேற்பக் கழுகு, வாத்து, கோழி, புறா ஆகியவற்றின் இறகுத் தண்டில் செருகி நுண்தூரிகை செய்யும் முறையை அவர் சொல்கிறார். பன்றி மயிர்த் தூரிகைக்கு அவர் கூறும் வழி இன்னும் சுவையானது. வெள்ளைப் பன்றியின் மயிரை ஒரு பெரிய கட்டாகக் கோலில் கட்டி, முதலில் அதைக்கொண்டு சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டும். மயிர் தேய்ந்து மென்மையாகும் வரை அடித்தபின், கட்டை அவிழ்த்து ஓவியத்துக்கான சிறு தூரிகைகளாகப் பிரித்துக் கட்ட வேண்டும். புதிய தூரிகை நல்ல தூரிகை அன்று என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

பாதுகாப்பைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். விலங்கு மயிர் அந்துப்பூச்சியின் புழுவுக்கு உணவு. ஆகவே பயன்படுத்தாமல் வைத்திருக்கும் அணில் வால்களைக் குழைத்த களிமண்ணிலோ சுண்ணமண்ணிலோ தோய்த்து, நன்றாக அப்பித் தொங்கவிட வேண்டும் என்கிறார். வேண்டும்போது தெளிந்த நீரில் ஊறவைத்துக் கழுவி எடுத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் விதைப் பயறுக்குச் செம்மண் கட்டிக் காயவைத்துப் பூச்சியிலிருந்து காக்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இச்செய்தி வியப்பளிக்காது.

அதே சென்னினி வார்னிஷ் பூசும் இடத்துக்கு வரும்போது தூரிகையைக் கையிலெடுப்பதில்லை. வண்ணம் தீட்டி முடித்துக் குறைந்தது ஓராண்டாவது காத்திருக்கச் சொல்கிறார். காற்றடிக்காத நாளாகப் பார்த்துப் படத்தை வெயிலில் சூடேற்றி, உள்ளங்கையால் வார்னிஷை மெல்லப் பரப்பச் சொல்கிறார். கையால் செய்ய விருப்பமில்லையென்றால் சிறு கடற்பஞ்சு போதும். அன்றைய வார்னிஷ் எண்ணெயில் காய்ச்சிய கெட்டிக் குழம்பு. வெதுவெதுப்பில்லாமல் அது நகராது. இன்றும் நம்மூர் மரச்சாமான் பட்டறைகளில் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பந்தால் தேய்த்து மெருகேற்றுவதை நாம் பார்க்கிறோம். அந்தக் கைக்கும் இந்தக் கைக்கும் உறவு உண்டு.

சென்னினி காற்றைக் கண்டு அஞ்சியதற்குக் காரணம் தூசு. அந்த அச்சத்தை வாழ்நாள் ஒழுக்கமாகவே ஆக்கிக்கொண்டவர் ஹாலந்தின் லைடன் நகரத்து ஓவியர் கெரார்ட் டவ் (1613-1675). 1628இல் இளம் ரெம்பிராண்டிடம் மாணவராகச் சேர்ந்து, பின்னர் உள்ளங்கையளவுப் பலகையில் ஓர் உலகத்தை அடக்குகிற நுண்ணோவியராக வளர்ந்தவர். அவரை நேரில் கண்ட ஜெர்மானிய ஓவியர் யோவாகிம் ஃபான் சாண்ட்ரார்ட், 1675இல் வெளியிட்ட தம் பெருநூலில் சில செய்திகளைத் தந்திருக்கிறார். டவ் தம் வண்ணங்களைத் தாமே அரைத்துக்கொண்டார். தூரிகைகளையும் தாமே செய்தார். வேலை முடிந்ததும் தட்டு, தூரிகை, வண்ணம் அனைத்தையும் தூசு புகாதவாறு மூடி வைத்தார். மறுநாள் வந்து அமர்ந்ததும் உடனே தொடங்கமாட்டார். அவர் நடந்து வந்ததால் கிளம்பிய தூசு முழுவதும் அடங்கும்வரை அசையாமல் காத்திருந்து, அதன்பின்னரே பெட்டியைத் திறப்பார். ஒரு விளக்குமாற்றின் கைப்பிடி அவ்வளவு நுட்பமாக வரையப்பட்டிருந்ததைச் சாண்ட்ரார்ட் புகழ்ந்தபோது, அதற்கு இன்னும் மூன்று நாள் வேலை பாக்கி இருக்கிறது என்றாராம் டவ்.

இதைக் கிறுக்கு என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் டவ்வின் படங்கள் இன்று நம்முன் நிற்கும்போது, அந்தக் காத்திருப்பும் படத்தினுள்ளே இருக்கிறது என்றே நமக்குத் தோன்றுகிறது.

எல்லோரும் டவ் அல்லர். பெரும் பட்டறைகளில் கழுவும் வேலை பயிலுநர்களுடையது. சென்னினி வகுத்த பாடத்திட்டத்திலேயே ஓராண்டு கோடு பழகியபின், வண்ணம் அரைப்பதற்கும் பசை காய்ச்சுவதற்கும் சுண்ணப்பூச்சு தயாரிப்பதற்கும் ஆறாண்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தன. பதினேழாம் நூற்றாண்டுப் பட்டறைகளில் தூரிகை கழுவுவதற்கென்றே ஒரு தகரக் கலம் உண்டு; பிரெஞ்சுக்காரர்கள் அதற்குத் தனிப்பெயரே வைத்திருந்தார்கள். அதில் எண்ணெய் நிறைந்திருக்கும். விளிம்பில் தூரிகையைத் தேய்த்து அழுத்தினால் வண்ணம் கலத்துக்குள் இறங்கும். பின்னர் சவர்க்காரமும் நீரும் கொண்டு தேய்ப்பார்கள். நாட்கள் செல்லச் செல்ல அந்த எண்ணெயில் எல்லா வண்ணங்களும் கலந்து, பெயரிட முடியாத ஒரு பழுப்புச் சேறாகக் கனத்துவிடும்.

அந்தச் சேற்றை அவர்கள் வீணாக்கவில்லை. அடுத்த ஓவியத்தின் துணிக்கு முதல் பூச்சாக, அடித்தளமாக அதைப் பூசினார்கள். ஒரு படத்தைத் தீட்டிய தூரிகையைக் கழுவிய எண்ணெயின் மேல்தான் இன்னொரு படம் எழுந்தது. கலத்தைக் காத்த சிறுவனின் பெயர் எந்த ஓவியத்தின் மூலையிலும் இல்லை. ஆனால் அவன் கழுவியது படத்தின் அடியில் இருக்கிறது.

வார்னிஷுக்குத் திரும்புவோம். டர்பன்டைனில் கரைத்த மெல்லிய வார்னிஷ் பதினேழாம் நூற்றாண்டில் பரவத் தொடங்கியது. கிரேக்கத்தின் கியோஸ் தீவில் கிடைக்கும் மஸ்தகிப் பிசின் அதற்கு உகந்ததாக இருந்தது. நம் சித்த மருந்துக் கடைகளில் ரூமி மஸ்தகி என்ற பெயரில் கிடைப்பது அதுவே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலாய்த் தீவுகளிலிருந்து சென்ற டாமர் பிசினும் சேர்ந்துகொண்டது. திருக்கடையூரில் குங்கிலியக்கலய நாயனார் தாலியை விற்றுத் தூபமிட்ட குங்கிலியத்துக்கு அது நெருங்கிய உறவு. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்களின் கண்ணீர். இம்மெல்லிய கரைசல் உள்ளங்கைக்கு நிற்காது. அதற்குத் தூரிகை வேண்டியிருந்தது. உலக்கைக்குப் பூண் இடுவதுபோலத் தூரிகைக்கும் உலோகப் பூண் இடும் வழக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியபோது, உருண்டையாகக் கட்டப்பட்டு வந்த மயிர் தட்டையாக, அகலமாக அமைந்தது. வார்னிஷ் தூரிகை இன்றைய உருவத்தைப் பெற்றது அப்படித்தான்.

அதைக் காக்கும் முறை எளியது. ஆனால் ஒரு நாளும் தவறக்கூடாதது. வேலை முடிந்த கணமே எஞ்சிய வார்னிஷைத் துணியில் ஒற்றியெடுக்க வேண்டும். பின்னர் டர்பன்டைனில் அலச வேண்டும். ஒரு கிண்ணத்தில் மட்டுமல்ல, இரண்டாவதிலும் மூன்றாவதிலும். கடைசிக் கிண்ணம் தெளிவாக நிற்கும்வரை இது நடக்கும். அதன்பின் வெதுவெதுப்பான நீரில் சோப்பைக் குழைத்து, உள்ளங்கையில் வைத்து, மயிரின் நுனியைவிட அடியையே அதிகம் கவனித்துத் தேய்க்க வேண்டும். ஏனெனில் தூரிகை சாவது நுனியில் அன்று. பூணுக்குள் மறைந்திருக்கும் அடியில். அங்கே தங்கிய வார்னிஷ் இறுகினால் மயிர் விரிந்து பிளந்துபோகும். நீரைப் பிழிந்து, விரலால் வடிவம் திருத்தி, தாளில் சுற்றிப் படுக்கவைக்க வேண்டும். அல்லது மயிர் கீழ்நோக்கி இருக்கத் தொங்கவிட வேண்டும். ஈரத்தோடு மேல்நோக்கி நிறுத்தினால் நீர் பூணுக்குள் இறங்கிக் கட்டைத் தளர்த்தும். ஒருமுறை வண்ணத்தைத் தொட்ட தூரிகையை எவ்வளவு கழுவினாலும் வார்னிஷுக்கு எடுக்கலாகாது. நன்கு கழுவிப் பழகிய பழைய தூரிகை மயிர் உதிர்க்காது; அதனால் புதியதைவிட அதற்கே மதிப்பு. குதிரை வண்டிகளுக்கு மெருகு பூசிய ஐரோப்பியத் தொழிலாளர்கள் தம் தூரிகைகளைக் காயவே விட்டதில்லை. மூடிய தகரப் பெட்டிக்குள், நுனி அடியைத் தொடாதபடி, வார்னிஷிலேயே தொங்கவிட்டு வைத்திருந்தார்கள்.

இவ்விடத்தில்தான் கழுவும் கலம் நமக்கு ஒரு பாடத்தைச் சொல்கிறது. டர்பன்டைனில் கரைத்த மஸ்தகி, தைலம் ஆவியாவதால் காய்கிறது. மறுநாள் அதே தைலத்தில் ஊறவைத்தால் தூரிகை மீண்டும் இளகும். எண்ணெய் கலந்த வார்னிஷ் அப்படியன்று. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று வலைபோலப் பின்னிக்கொண்டு இறுகுகிறது. அதன்பின் டர்பன்டைன் அதை ஒன்றும் செய்யாது. ஓரிரவு மறந்துவிட்ட தூரிகையைக் குப்பையில்தான் போட வேண்டும். ஓவியத்தின்மேல் பூசிய வார்னிஷுக்கும் இதே விதிதான். தூரிகையிலிருந்து எது கழுவிப் போகாதோ, அது ஓவியத்திலிருந்தும் எளிதில் போகாது. வார்னிஷ் நாள்பட மஞ்சளிக்கும். ஒருநாள் அதை அகற்றிப் புதிதாகப் பூசியாக வேண்டும். அந்நாளில் நம் பேரக்குழந்தைகளின் காலத்து மனிதர் ஒருவர் என்ன பாடுபடுவார் என்பது தூரிகை கழுவும் கலத்தின்முன் அன்றே தெரிந்துவிடுகிறது.

தெரிந்தும் கேட்காதவர்கள் உண்டு. 1824இல் தொடங்கப்பட்ட லண்டன் நேஷனல் கேலரியின் முதல் காப்பாளர் வில்லியம் செகியர். அவருடைய சகோதரர் ஜான் செகியர் அங்கே ஓவியங்களைச் சீரமைத்தவர். தூய மஸ்தகி வார்னிஷ் லண்டனின் ஈரக்காற்றில் மூட்டம் போட்டாற்போல வெளிறியது. அதைத் தவிர்க்கும்பொருட்டு மஸ்தகி வார்னிஷோடு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கலந்து பூசினார்கள். கேலரி வார்னிஷ் என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. மூட்டம் நின்றது. ஆனால் எண்ணெய்ப் பசை நகரத்தின் நிலக்கரிப் புகையைப் பிடித்துவைத்துக்கொண்டது. படங்கள் தேன் நிறமாகி, பின்னர் பாகு நிறமாகி, இருண்டன.

1846இல் அப்போதைய காப்பாளர் சார்ல்ஸ் ஈஸ்ட்லேக்கின் பொறுப்பில் ரூபன்ஸின் படம் உட்படச் சில ஓவியங்கள் சுத்தம் செய்யப்பட்டபோது லண்டனே கொதித்தது. பழுப்பு மூட்டத்துக்குப் பழகிய கண்கள் உண்மையான நீலத்தையும் சிவப்பையும் கண்டு திடுக்கிட்டன. ஓவியத்தையே சுரண்டிவிட்டார்கள் என்று டைம்ஸ் இதழில் காட்டமான கடிதங்கள் வந்தன. ஈஸ்ட்லேக் 1847இல் அப்பதவியிலிருந்து விலகினார். ஆனாலும் பூசல் அடங்காமல், 1853இல் பாராளுமன்றக் குழு ஒன்று அமர்ந்து சாட்சிகளை விசாரித்தது. யார் பக்கம் நியாயம் என்று இத்தனை காலம் கழித்து நாம் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். அகற்றுவது கடினமாக இருந்ததற்குக் காரணம் அகற்றியவர்களின் கையில் மட்டும் இல்லை. பூசியவர்களின் கலவையிலும் இருந்தது. எண்ணெய் கலந்த அந்த வார்னிஷ் கழுவுவதற்கு எப்படிப்பட்டது என்பதை, தூரிகை கழுவிய உதவியாளன் எவனையாவது கூப்பிட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்பது நம் எண்ணம்.

அதே லண்டனில் வார்னிஷ் பூசும் நாள் ஒரு விழாவாகவே மாறியிருந்தது. ராயல் அகாடமி 1809 முதல் கண்காட்சி திறப்பதற்குமுன் உறுப்பினர்களுக்குச் சில நாட்களை ஒதுக்கித் தந்தது. பிறர் மெருகு பூசிக்கொண்டிருக்க, டர்னர் அந்நாட்களில் படத்தையே தீட்டுவார். 1835இல் பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷனில் வைத்த பாராளுமன்றத் தீ விபத்து ஓவியத்தை ஏறக்குறைய முழுவதுமாகச் சுவரில் மாட்டிய நிலையிலேயே வரைந்து முடித்தார் என்பது சக ஓவியர்கள் பதிவு செய்த செய்தி. கண்காட்சித் தொடக்க விழாவுக்கு இன்றும் வழங்கும் வெர்னிஸாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு வார்னிஷ் பூசுதல் என்பதே பொருள். சொல் விருந்துக்குப் போய்விட்டது; தூரிகை கொல்லைப்புறத்தில் நின்றுவிட்டது.

பிற்பாடு இம்ப்ரெஷனிஸ்டுகள் இந்தப் பளபளப்பே வேண்டாமென்று மறுத்தார்கள். பிஸாரோ தம் படமொன்றின் பின்புறத்தில், இதற்கு வார்னிஷ் பூசவேண்டாம் என்று எழுதியே வைத்தார். ஆனாலும் வணிகர்களும் பிற்கால உரிமையாளர்களும் அவர்களுடைய படங்கள் பலவற்றுக்கு மெருகேற்றிவிட்டார்கள். வண்ணத்துக்குள் ஊறிப்போனதை முழுவதும் திரும்ப எடுப்பது அரிது. இருபதாம் நூற்றாண்டில் செயற்கைப் பிசின்கள் வந்தன. எளிதில் மஞ்சளிக்காதவையும், பூசும்போது எத்தகைய மென்மையான கரைப்பானில் கரைந்தனவோ அதிலேயே பல்லாண்டு கழித்தும் கரைபவையும் அவற்றுள் உண்டு. இன்றைய பாதுகாப்பாளர்களின் முதல் விதி, தாம் செய்த எதையும் அடுத்து வருபவர் நீக்க இயல வேண்டும் என்பது. சோப்பு நுரையைப் பார்த்துத் தூரிகையைச் சோதிப்பவரின் விதியும் அதுவே.

இவை அனைத்தும் ஒரே படத்தில் வந்து கூடுவதைக் காண ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்குப் போக வேண்டும். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த அந்தப் பெருங்கித்தானில் இரவே இல்லை. பகல் வெளிச்சத்தில் காவல்படையினர் புறப்படும் காட்சி அது. அடுத்தடுத்துப் பூசிய வார்னிஷும் அழுக்கும் இருட்டாக்கியதால், இரவுக்காவல் என்ற பெயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஒட்டிக்கொண்டது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் இருண்ட வார்னிஷ் அகற்றப்பட்டபோது பகல் திரும்பியது. பெயர் மட்டும் இரவாகவே நின்றுவிட்டது.

1975இல் ஒருவர் அதைக் கத்தியால் கிழித்தார். சீரமைத்து மீண்டும் வார்னிஷ் பூசினார்கள். 1990இல் இன்னொருவர் அதன்மேல் அமிலம் தெளித்தார். காவலர்கள் உடனே நீரை ஊற்றினார்கள். அமிலம் வார்னிஷை மட்டுமே அரித்தது. ரெம்பிராண்டின் வண்ணத்தைத் தொடவில்லை. தூசியிலிருந்து காக்கப் பூசிய தோல், படத்தின் உயிரையே காத்தது. 1970களில் பூசிய அந்த வார்னிஷும் பழுத்துவிட்டபடியால், 2024 நவம்பரில் கண்ணாடி அறைக்குள், பார்வையாளர்களின் கண்முன்னே, அதை அகற்றும் பணி தொடங்கியது. முந்தைய தலைமுறை பூசியதை இந்தத் தலைமுறை எடுக்கிறது. புதிதாகப் பூசப்படுவதையும் ஒருநாள் வேறு யாரோ எடுப்பார்கள்.

வார்னிஷ் பூசுபவர் நிலைத்திருப்பதற்காகப் பூசுவதில்லை. கழுவிப் போவதற்காகவே பூசுகிறார். தம் வேலை முழுவதும் ஒருநாள் பஞ்சில் ஒற்றி எறியப்படும் என்று அறிந்துகொண்டே, காற்றில்லாத நாளாகப் பார்த்துக் காத்திருந்து, தூசு அடங்கியபின் கையை நகர்த்துகிறார். எழுதியது காலத்தை வென்று நிற்கவேண்டும் என்று ஏங்குகிற நம்மைப் போன்ற இலக்கிய வாசகர்களுக்கு இந்த மனநிலை சற்றே கூச்சத்தைத் தருகிறது, நல்ல கூச்சம்தான். அடுத்தமுறை அருங்காட்சியகத்தில் ஓர் எண்ணெய் ஓவியத்தின்முன் நிற்கும்போது, ஓவியரின் கையெழுத்தைத் தேடியபின், ஒளி சாய்ந்து விழும் பக்கமாகச் சற்று நகர்ந்து நின்று அதன் மேற்பரப்பைப் பாருங்கள். ஒரு மயிரோ ஒரு துணுக்கோ தென்படாவிட்டால், அன்று மாலையே தூரிகையைக் கழுவி வைத்த யாரோ ஒருவரை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.